தேதி மாற்றப்பட்ட படம்

எங்கள் மேலாளர் யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கட்டிங் மேசையில் இரும்புக் கையுறை போடாமல் நின்ற ஆளைக்கூட "ஏனுங்க, விரலெல்லாம் வேண்டாமுங்களா உங்களுக்கு?" என்றுதான் கேட்பார். கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு ஷிப்மெண்ட்கூட வெளியே போகாத பனியன் கம்பெனிகளுக்கு நடுவே அவர் ஓர் அதிசயம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். இப்போது யாராவது அவரைப் போலக் குழைந்து பேசினால் என் பற்கள் தானாகக் கடிபடுகின்றன. அது அந்தத் திருப்பூர்ப் பேச்சின் தப்பு இல்லை. எனக்கு அறை கொடுத்தவர்கள், பஸ்ஸில் இடம் பிடித்து வைத்தவர்கள் எல்லோரும் அதே பேச்சுதான் பேசினார்கள். தப்பு அந்த ஆளுடையது.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. டிகிரி முடித்துவிட்டு ஊரில் சும்மா இருக்கப் பிடிக்காமல் திருப்பூருக்கு வந்து, பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் ஆவணப் பிரிவில் சேர்ந்தேன். ஆவணப் பிரிவு என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கேமராவும். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, அதாவது பையர், கேட்கிற படங்களை எடுத்து அனுப்ப வேண்டும். சாம்பிள் சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், லேபிள், தையல். துணியில் கோளாறு இருந்தால் அதை நெருங்கி ஒரு படம். கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வந்தால் கழிப்பறை, குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் படம்.

கேமரா, முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கி, கல்யாணம் முடிந்ததும் யாருக்கும் வேண்டாமல் போனது. கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது. முதலாளியின் மகன் ஒரு நாள் வந்து, "சும்மா கெடைக்கறப்ப எதுக்குங்க காசு குடுத்து வாங்கோணும்?" என்று லினக்ஸைப் போட்டுவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்டால், "இன்டர்நெட்ல பாருங்க, எல்லாமே இருக்குது" என்பார்.

நான் சேர்வதற்கு முன்னால் வருஷக்கணக்கில் எடுத்த படங்கள் அதில் குவிந்து கிடந்தன. "நியூ ஃபோல்டர்", "நியூ ஃபோல்டர் 2", "சார் கேட்டது", "ஃபைனல்", "ஃபைனல் புதுசு". உள்ளே போனால் கேமரா தானாக வைத்த பெயர்கள், டி.எஸ்.சி. என்று தொடங்கி நான்கு இலக்க எண். ஆயுத பூஜைக்குப் பொரி கொடுக்கிற படத்துக்கு அடுத்த படம் காலர் கிழிந்த டி-ஷர்ட். அதற்கு அடுத்தது முதலாளியின் பேரப்பிள்ளை காதுகுத்து. பையர் ஒரு பழைய ஆர்டரின் படத்தைக் கேட்டால் அரை நாள் போய்விடும். "கெடச்சுதுங்களா? கெடச்சுதுங்களா?" என்று மேலாளர் பின்னால் வந்து நிற்பார். அவர் நின்றால் எனக்கு இன்னும் கைகால் ஓடாது.

ஒரு நாள் எரிச்சலில் முடிவு செய்தேன். இதை ஒழுங்குபடுத்தாமல் விடப்போவதில்லை.

ஆயிரக்கணக்கான படங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற முடியாது. கறுப்புத் திரையில் கட்டளை எழுதித்தான் செய்ய வேண்டும் என்று படித்தேன். முதல் முயற்சியே மண். அந்தக் கேமராவின் எண் ஒன்பதாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே ஒரே பெயரில் இரண்டு மூன்று படங்கள் வெவ்வேறு ஃபோல்டர்களில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு மாற்று என்று கட்டளை கொடுத்ததும், பின்னால் வந்தது முன்னால் இருந்ததன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எச்சரிக்கை இல்லை, கேள்வி இல்லை. நல்லவேளை, நகல் எடுத்து வைத்துக்கொண்டுதான் செய்தேன். இன்னொரு தடவை படங்களில் பாதி அப்படியே நின்றுவிட்டது. பெரிய எழுத்தில் முடிகிற பெயரும் சின்ன எழுத்தில் முடிகிற பெயரும் லினக்ஸுக்கு வேறு வேறு என்று தெரிந்துகொள்ள ஒரு மத்தியானம் போனது. திட்டிக்கொண்டேதான் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்தப் பெட்டியிடம் எனக்கு ஒரு மரியாதை வந்தது. நான் சொன்னதைத்தான் செய்தது. சொல்லாததைச் செய்துவிட்டுச் சிரிக்கவில்லை.

கடைசியில் வழி கிடைத்தது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாளையும் நேரத்தையும் கேமரா எழுதி வைக்கும். அதைப் படித்து, அதையே பெயராக வைக்கிற மாதிரி ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். முதலில் வருஷம், பிறகு மாதம், நாள், நேரம், அதன்பின் எந்தப் பிரிவு என்று ஒரு வார்த்தை. ஒரே நொடியில் இரண்டு படம் எடுத்திருந்தால் கடைசியில் ஒரு வரிசை எண். அதை ஓடவிட்டபோது கறுப்புத் திரையில் பெயர்கள் வரிவரியாக மாறிக்கொண்டே போனதை இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பிரச்சினை ஒன்று மிஞ்சியது. யாராவது கேமரா பேட்டரியைக் கழற்றிப் போட்டால் அதன் கடிகாரம் பழைய ஜனவரி முதல் தேதிக்கு ஓடிவிடும். அப்படிப்பட்ட படங்களை நான் கண்ணால் பார்த்துத்தான் தேதி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தையல் லைன் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அன்றைய இலக்கையும் தேதியையும் காலையில் அதில் எழுதுவார்கள். படத்தைப் பெரிதாக்கி, மூலையில் தெரிகிற அந்தப் பலகையைப் படித்துத் தேதி போட்டேன். மாதக்கணக்கில் அந்த வேலை. அதில்தான் அந்தப் படத்தை முதலில் பார்த்தேன்.

முந்தைய வருஷம், நான் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஃபயர் டிரில், தீப்பிடித்தால் வெளியேறப் பழகுகிற ஒத்திகை. எல்லோரையும் மெஷினை நிறுத்தச் சொல்லி, முற்றத்துக்கு வரவைத்து, வரிசையாக நிற்கவைத்து எடுத்தது. முன்வரிசையில், "கூடுமிடம்" என்று எழுதிய பச்சைப் பலகைக்குப் பக்கத்தில், அக்கா.

அக்கா என்று நான் கூப்பிட்டாலும் எங்களுக்குள் சொந்தம் இல்லை. கோவில்பட்டிக்காரி. துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் தையல் மெஷினில் வேலை. எங்கள் இருவருக்கும் ஒரே காம்பவுண்டில் அறை. குழாயடியில் அவள் சத்தம்தான் எனக்கு அலாரம். டிரில் என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். "மணியடிச்சதும் ஓடணுமாம்லா? நான் எந்திரிச்சதும் மொதல்ல டீக்கடைக்குல்ல ஓடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள். படத்திலும் அப்படித்தான், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு. அந்த வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தாள். மேலாளர் பெரிய மாலையோடு வந்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றார், வேன் ஊருக்குக் கிளம்புகிற வரை போகவில்லை. அவளுடைய புருஷன், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருந்தார். காரியம் முடிந்து திரும்பி வந்து, அதே மேசையில் நின்று, அதே மாதிரி சட்டைகளை மடித்தார்.

அன்றைக்கே லைனில் எடுத்த அடுத்த படத்தில் தெரிந்த பலகையைப் பார்த்து, படத்துக்கு உண்மையான தேதியை வைத்தேன். அதற்குமேல் என்னால் கொஞ்ச நேரம் வேலை பார்க்க முடியவில்லை.

அடுத்த ஆடிட்டுக்குத் தேதி வந்தது. மேலாளர் என் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மிணி, ஃபயர் டிரில் போட்டோ ஒண்ணு வேணுமுங்களே. இந்த வருசத்துது."

"இந்த வருஷம் டிரில் நடக்கலியே சார்."

"நடக்கலீங்க. ஷிப்மெண்ட் டைட்டா இருந்துச்சுங்களா, லைன நிறுத்த முடியல. போன வருசத்துப் படம் இருக்குதில்லீங்க? அதுல தேதிய மட்டும் மாத்திருங்க. பேர் மாத்தறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்லைன்னு மொதலாளிகிட்டயே சொல்லியிருக்கேன்."

நான் படத்தைத் திறந்து காட்டினேன். "இவங்க யாருன்னு தெரியுதா சார்?"

குனிந்து பார்த்தார். தெரிந்தது. முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்தது, போய்விட்டது.

"பாவமுங்க, நல்ல ஆப்பரேட்டர்" என்றார். பிறகு விரலைத் திரையில் வைத்து, "இந்த ஓரத்த மட்டும் வெட்டிட்டாப் போச்சுங்களே?" என்றார்.

"வெட்டினா அந்தப் பச்சைப் போர்டும் போயிரும் சார்" என்று மட்டும் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. கோபத்தில் வாய் எதையோ பிடித்துக்கொண்டது.

"அட, ஆமாங்க. போர்டு வேணுமுங்க. ஆடிட்டர் அதத்தான் மொதல்ல பார்ப்பாரு." யோசித்தார். "வேற ஏதாச்சும் பண்ணலாமுங்க."

"நான் பண்ணமாட்டேன் சார். செத்துப்போனவங்கள இந்த வருஷம் நின்னாங்கன்னு நான் எழுதமாட்டேன்."

"எழுதறதுக்கு என்னங்க இருக்குது? வெறும் பேருதானுங்க."

"பேரு மட்டும்தான் சார் இங்க உண்மையா இருக்கு. அதையும் கெடுக்கமாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. எழுந்து, நாற்காலியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு, "செரிங்க, சிரமப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் சாம்பிள் கொடுக்க என்னை அவிநாசிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் என் ஒழுங்கு முழுவதும் குலைந்து கிடந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தார், கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர். மேலாளர் அவரை உட்காரவைத்திருக்கிறார். அவர் என் புரோகிராமைத் திறந்து, வருஷத்தை மாற்றுகிற மாதிரி ஒரு வரியைச் சேர்த்து, ஒரு படத்துக்கு மட்டும் ஓடவிடாமல் போன வருஷத்து ஃபோல்டர் முழுவதற்கும் ஓடவிட்டிருக்கிறார். ஒரு வருஷத்துப் படங்கள் அத்தனையும் நொடியில் ஒரு வயது குறைந்து நின்றன. பொங்கல் கோலம் இந்த வருஷத்துக் கோலம் ஆகிவிட்டது. கிழிந்த காலர்கள் எல்லாம் இந்த வருஷம் கிழிந்தவை ஆகிவிட்டன. சில பெயர்கள் மோதி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, படங்கள் காணாமலே போயிருந்தன.

கணக்குப் பிரிவுக்குப் போய் அந்த ஆளின் மேசையில் கையால் அடித்தேன். "யாரக் கேட்டுத் தொட்டீங்க?"

"சார் சொன்னாருங்க. ஒரு படம்தானுங்க மாத்தினேன்."

"ஒரு படமா? ஒரு வருஷத்தையே மாத்தி வெச்சிருக்கீங்க. தெரியாத வேலையில எதுக்குக் கைய வைக்கிறீங்க?"

அவர் கால்குலேட்டரைத் தட்ட ஆரம்பித்தார். சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து என் கைப்பையில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இருந்தது. அந்தக் கம்பெனியில் நான் யாரையும் நம்பவில்லை என்பதால் வந்த பழக்கம். படங்கள் பிழைத்தன. ஆனால் உட்கார்ந்து பழைய நிலைக்குக் கொண்டுவர ஆரம்பிப்பதற்குள் வெளியே வேறொன்று நடந்துவிட்டது.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, கேண்டீன் வாசலில் இருக்கிற அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். கீழே இந்த வருஷத்துத் தேதி. அக்காவின் முகத்துக்கு மேல் கம்பெனியின் வட்ட முத்திரையை வைத்து மறைத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்துக் கேண்டீனுக்குப் போனபோது அவள் புருஷன் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் தூக்குவாளி. அவரைச் சுற்றிக்கொண்டு கூட்டம் போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனதும் திரும்பாமலே கேட்டார்.

"தாயி, இது எப்ப எடுத்தது?"

"போன வருஷம் அண்ணே."

"கீழ இந்த வருசம்னுல்ல போட்டிருக்கு."

"மாத்திட்டாங்க அண்ணே. நான் முடியாதுன்னு சொன்னேன். வேற ஆள வெச்சு மாத்திட்டாங்க."

"மூஞ்சிய மறச்சிட்டா எனக்குத் தெரியாதாமா?" என்றார். "இடுப்புல கை வெச்சு நிக்கறத வெச்சே ஊர்க்கோடியில இருந்து சொல்லிருவேனே." குரல் உயரவில்லை. தூக்குவாளியைத் தரையில் வைத்தார். பலகையிலிருந்து படத்தை உரித்தார். ஒரு மூலை கிழிந்து ஒட்டிக்கொண்டே நின்றது. அதையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். எடுத்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்கு நடந்தார். நானும் போனேன். பின்னால் ஓவர்லாக் லைன் பெண்கள் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

மேலாளர் எழுந்து நின்றார். "வாங்க, வாங்க. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. படத்தை மேசைமேல் விரித்தார். "சார், இது என் வீட்டுக்காரி."

"தப்பா எடுத்துக்காதீங்க. ஆபீஸ்ல ஒரு சின்ன மிஸ்டேக்குங்க. நானே எடுக்கச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"இல்ல சார். இந்த வருசம் இங்க நின்னான்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? அப்ப இருக்கால்ல? எந்த மெஷின்ல இருக்கா, காட்டுங்க. நான் பாத்துட்டுப் போறேன்."

மேலாளரிடம் அதற்கு ஒரு "ங்க" இல்லை.

"காட்டுங்க சார்." இப்போது குரல் உடைந்துவிட்டது. "செத்தும் அவளுக்கு லீவு கிடையாதா?"

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி, "இன்னைக்கு மெஷின ஓட்டப்போறதில்ல" என்று சத்தமாகச் சொன்னாள். சாப்பாடு முடிந்த மணி அடித்தது. யாரும் லைனுக்குப் போகவில்லை. அந்தக் கட்டடத்தில் வேலை நேரத்தில் தையல் மெஷின் சத்தம் இல்லாமல் நான் இருந்ததே இல்லை. தலைக்கு மேலே ஓடுகிற மின்விசிறிகள் மட்டும் கேட்டன.

முதலாளிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வீடு பின்னாலேயே. வெள்ளை வேட்டி சட்டையோடு, சாப்பிட்ட கை ஈரம் காயாமல் வந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார். மேலாளரைப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"ஆடிட்டுக்காகங்க..."

"செத்தவங்க மூஞ்சில நம்ம முத்திரையக் குத்தி வெச்சிருக்கறயே, ஆடிட்டா அது?" பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "சாமி, பெரிய தப்பு நடந்துபோச்சுங்க. என்ன பண்ணோணும்னு சொல்லுங்க, பண்றேன்" என்றார்.

அண்ணன் படத்தை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தார். "ஒண்ணும் வேண்டாம் ஐயா. அவள விட்டுருங்க" என்றார்.

முதலாளி தலையாட்டினார். அவ்வளவோடு எல்லாம் முடிந்து, மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, படம் மட்டும் பொய் இல்ல. இந்த வருஷம் டிரில்லே நடக்கல. பின்பக்கப் படிக்கட்டு முழுக்க அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கு. தீப்பிடிச்சா மேல் மாடியில இருக்கிறவங்க எப்படி எறங்குவாங்க?"

மேலாளர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரிப்பில்லாமல் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது. அதுவாவது உண்மையாக இருந்தது.

முதலாளி நேராகப் பின்பக்கப் படிக்கட்டுக்கு நடந்தார். நாங்களும் போனோம். பெட்டிகளைப் பேக்கிங் ஆட்கள் இறக்கினார்கள். அண்ணனும் சேர்ந்து இறக்கினார். பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கதவில் பூட்டு தொங்கியது. துருப்பிடித்த பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஸ்டோர்ஸ் என்றார்கள். ஸ்டோர்ஸ்காரர் செக்யூரிட்டியிடம் இருக்கும் என்றார். செக்யூரிட்டி, தான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தக் கதவைத் திறந்து பார்த்ததே இல்லை என்றார். கடைசியில் மெக்கானிக் கம்பியை விட்டு நெம்பி உடைத்தார். கதவு திறந்ததும் வெளி வெயில் உள்ளே விழுந்தது. தினமும் அந்தக் கதவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து தைக்கிற பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி "அட பாவிகளா" என்றாள். அதைவிட வேறு சொல் எனக்கும் வரவில்லை.

மறுநாள் காலையில் நிஜமாகவே டிரில் நடந்தது. நான்தான் படம் எடுத்தேன். தூசி படிந்த படிகளில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆடிட்டர் வந்தார், இளநீர் குடித்தார், படத்தைப் பார்த்து "குட்" என்றார், டிக் போட்டார். உடைந்த பூட்டைப் பற்றி அவரிடம் சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் மேலாளர் "வாங்க சார், சாப்பாடு ரெடியா இருக்குதுங்க" என்று அவரைத் தோளைத் தொட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டு, தேதிகளை மறுபடி சரிசெய்தேன். அது முடிந்த சமயத்தில் அண்ணன் என் மேசைக்கு வந்தார்.

"தாயி, அவ இருக்கிற படம் வேற எதும் இருக்கா? அந்தப் படம் வேண்டாம். அது எனக்குப் பிடிக்கல இப்ப."

தேடிக் கொடுப்பது இப்போது சுலபம். அவள் வேலை செய்த காலத்தின் படங்களை வரிசையாகத் திறந்தேன். பொங்கலன்று தூரத்தில், கூட்டத்தில் ஒரு தலை. ஆயுத பூஜையில் பாதி முதுகு. அவ்வளவுதான். அத்தனை வருஷம் வேலை பார்த்தவளின் முகம் தெரிகிற படம் கம்பெனியிடம் அந்த ஒன்றுதான். நான் அடுத்தடுத்து நகர்த்தினேன். கோளாறுப் படங்கள் வந்தன. துணியை இரண்டு கைகள் விரித்துப் பிடித்திருக்கும், நடுவில் கோளாறு, பக்கத்தில் குறிப்பு எழுதிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

"நில்லு தாயி" என்றார். "இது அவ கைதான்."

கண்ணாடி வளையல், நகத்தில் பாதி அழிந்த மருதாணி, மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு. எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. அவர் இன்னும் பின்னால் போகச் சொன்னார். இது அவள் கை, இது இல்லை, இது அவள் கை என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜன்னல் பக்கத்தில் அவள் மெஷின் இருந்ததால் வெளிச்சத்துக்காக நான் அங்கே போய்த்தான் படம் எடுப்பேன், துணியை அவளே பிடித்துக்கொள்வாள். அது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கறுப்புக் கயிறு இருந்த படத்துக்கே திரும்பி வரச் சொன்னார். பெயரில் இருந்த தேதியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அந்தக் கயிறு காய்ச்சலுக்கு மந்திரிச்சுக் கட்டுனது. இந்தத் தேதி இருக்கிற வாரந்தான் அவ லீவு கேட்டா. 'இந்த ஷிப்மெண்ட மட்டும் முடிச்சுக் குடுத்துருங்க, பொறவு ஒரு வாரம்கூட எடுத்துக்குங்க'ன்னு சொல்லி அனுப்பிச்சாரு உங்க சார். கைய எடுத்துக் கும்பிட்டுச் சொன்னாராம். மனுசன் கும்பிடுதாரே, எப்படி முடியாதுங்கிறதுன்னு வந்து சொன்னா." திரைக்கு அருகில் குனிந்தார். "அந்தச் சிவப்புச் சீட்டுல என்ன எழுதியிருக்கு?"

தையல் ஒரு விரலளவு கோணிப் போயிருந்தது. சீட்டில் அவள் மெஷின் எண்ணுக்குக் கீழே செக்கிங் ஆள் இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னேன். தைத்தவரின் கவனக்குறைவு.

அந்தப் படத்தைத்தான் தன் போனில் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். அந்த மாதக் கடைசியில் கணக்கு முடித்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய்விட்டார். இப்போது அங்கே தீப்பெட்டிக் கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பதாகக் கேள்வி.

நான் அதற்குப் பிறகும் சில மாதம் இருந்தேன். என் மேசையை ஸ்டோர்ஸுக்குப் பக்கத்தில், பாலிதீன் நாற்றத்துக்கு நடுவில் தூக்கிப் போட்டார்கள். "உங்களுக்கு அமைதியா இருக்குமுங்க" என்றார் மேலாளர். வேறு வேலை கிடைத்ததும் ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு மிகவும் வருத்தப்பட்டார். காபி வாங்கிவரச் சொன்னார்.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவிங்க அம்மிணி. அந்தப் பேர் மாத்தற புரோகிராம கணக்குல இருக்கறவருக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போயிருங்க. அடுத்த ஆடிட்டுக்கு ஆவுமுங்க."

"சரிங்க சார்" என்றேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு மரியாதையாகப் பேசியது அன்றைக்குத்தான்.

மேசைக்குப் போய் புரோகிராமை அழித்தேன். படங்கள் ஒன்றையும் தொடவில்லை, எல்லாம் அதனதன் தேதியோடு இருந்தன. ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு, காபியைக் குடிக்காமல், முன்வாசல் வழியாக வெளியே வந்து பஸ் ஏறினேன்.